டவுன் பஸ் ஏறிய தேனிலவு

ஸாலிஹா நிக்காஹ் ஆன அன்றைக்கே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டாள். பத்தொன்பது நாள். அது முடிந்தால் மாப்பிள்ளை முகம்மது ஆசிப் கத்தாருக்கு விமானம் ஏறிவிடுவான். திரும்பி வர இரண்டு வருஷம். நாற்பது நாள் லீவில் வந்தவன்தான். வீட்டுக்கு வெள்ளையடித்தது, பத்திரிகை வைத்தது, பந்தலுக்கு அலைந்தது என்று இருபத்தொரு நாள் ஓடிப்போயிற்று. மிச்சம்தான் இவள் பங்கு.

பத்தொன்பது நாள் போதாதா என்று கேட்கிறவர்கள் கோட்டக்குப்பத்தில் இருக்கும் அவளுடைய அக்கா பவுஜியாவைப் போய்க் கேட்க வேண்டும். பவுஜியாவின் வீட்டுக்காரரும் வெளிநாடுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு நாள் கூடவே இருந்துவிட்டுப் போனவர், இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தார். வந்த மறுநாள் காலையில் நடந்ததைப் பவுஜியா தங்கையிடம் இப்படிச் சொன்னாள்: “டீ போட்டுக்கினு நிக்கிறேன், சீனி எவ்ளோ போடணும்னு தெரியல. போயிக் கேட்டேன். ‘எவ்ளோ இருந்தாலும் பரவால்லீங்க’ன்றாரு. கட்டுன பொண்டாட்டிய ‘ங்க’ போட்டுப் பேசுறாரும்மா. தினம் போன்ல பேசிக்கினுதான் இருந்தோம். சாப்ட்டியா, சாப்ட்டேன், சரி தூங்கு. இதையே ரெண்டு வருஷம் பேசியிருக்கோம்.”

சொல்லிவிட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஸாலிஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்காவது இருபத்திரண்டு. தனக்குப் பத்தொன்பது. அதற்குள் இந்த மனுஷன் தனக்குப் பழகிவிட வேண்டும், தான் அவனுக்குப் பழகிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்போடுதான் அவள் திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்குள் கால் வைத்தாள்.

வைத்தால் அங்கே வேறொரு பட்டியல் தயாராக இருந்தது. மாமியார் ஹலீமா பீவி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். புது ஜோடிக்கு யார் யார் வீட்டில் எந்தெந்த வேளை விருந்து என்று அதில் எழுதியிருந்தது. பகல் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. விழுப்புரத்தில் மூன்று, கோட்டக்குப்பத்தில் ஆறு, உள்ளூரில் எண்ணி மாளாது. எல்லா வீட்டிலும் அதே பிரியாணி, அதே தால்ச்சா. ஆசிப்பை ஆண்கள் கூடத்தில் உட்கார வைப்பார்கள், ஸாலிஹாவை உள்ளே பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதே திரும்பி வரும் ஆட்டோவில்தான். அதிலும் நடுவில் ஒரு நாத்தனார் குழந்தை உட்கார்ந்திருக்கும்.

ராத்திரி பேசலாமே என்பீர்கள். நல்லாச் சொன்னீர்கள். அவர்கள் அறைக்கும் ஹலீமா பீவி படுக்கும் இடத்துக்கும் நடுவில் இருந்தது ஒற்றைப் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் குசுகுசுவென்று நாலு வார்த்தை போனால் அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் வரும். பாவம், அது நிஜ இருமலாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் புதுப்பெண்ணுக்கு வாய் எங்கே திறக்கும்?

ஊர் முழுக்க யோசனை சொல்லத் தயாராக இருந்தது. கொடைக்கானல் போ என்றார்கள், ஊட்டி போ என்றார்கள். ஆசிப்பின் சித்தப்பா மகள் போனைத் திறந்து, மரத்து மேல் கட்டிய வீடு, கடற்கரையில் கூடாரம், கண்ணாடிக் கூரைக்குக் கீழே படுக்கை என்று வரிசையாகக் காட்டினாள். “அண்ணி, இப்ப எல்லாரும் டிஃப்ரன்ட்டாதான் அனிமூன் போறாங்க.” ஹலீமா பீவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “நாலு நாள் வெளியூரு போனா, விருந்துக்குச் சொன்னவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஐந்தாம் நாள்தான் ஸாலிஹாவுக்கு அந்த யோசனை வந்தது. காலேஜ் படித்த மூன்று வருஷமும் அவள் பஸ்ஸில் போய் வந்தவள். கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்து அவளும் அவள் சிநேகிதிகளும் பேசாத ரகசியம் இல்லை. இன்ஜின் சத்தத்தில் முன்சீட்டுக்காரருக்குக்கூட ஒன்றும் கேட்காது. உலகத்தில் தனியாகப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது அவள் கண்ட உண்மை. காலை விருந்து எங்கும் கிடையாது. பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை சும்மாதானே?

“மாமி, ஆதார்ல அட்ரஸ் மாத்தணும். இவரையும் கூட்டிக்கினு போயிட்டு வந்துர்றேன்” என்றாள். ஆசிப் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். பஸ் ஸ்டாண்டில் வல்லம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவனிடம் சொன்னாள். “எங்கயும் போகல. இதுலயே போயி இதுலயே திரும்பி வர்றோம். இதான் நம்ம அனிமூன்.”

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அது அவளுக்குக் கிடைத்த முதல் முழுச் சிரிப்பு. கண்டக்டர் சவுரிராயன் வந்து அவளுக்கு இலவசச் சீட்டும் அவனுக்குக் காசுச் சீட்டும் கிழித்துக் கொடுத்தார். பஸ் கிளம்பியது. ஸாலிஹா தொண்டையைச் செருமிக்கொண்டு, ராத்திரியே யோசித்து வைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்கத் திரும்பினாள்.

மாப்பிள்ளை தூங்கிவிட்டான்.

சும்மா கண் அசரவில்லை, நல்ல தூக்கம். வாய் லேசாகத் திறந்து, தலை ஜன்னல் கம்பியில் இடிக்க இடிக்கத் தூங்கினான். வல்லம் வந்தது, இன்ஜினை நிறுத்தாமலே ஆள் ஏற்றினார்கள், எழவில்லை. பஸ் திரும்பியது, எழவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இன்ஜின் நின்றதும் யாரோ தட்டின மாதிரி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். விருந்துச் சாப்பாட்டுக் களைப்பு என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாளும் அதே வல்லம் பஸ். அன்றைக்கும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே. ஸாலிஹா சுரண்டிப் பார்த்தாள், இருமிப் பார்த்தாள், பையைக் கீழே போட்டுப் பார்த்தாள். “ம்... சொல்லு” என்பான், அடுத்த மேடு வருவதற்குள் மறுபடியும் தூங்கிப்போவான். வீட்டுக்குத் திரும்பினால் ஹலீமா பீவி வாசலிலேயே கேட்பார். “ஆச்சா?” “சர்வர் வேலை செய்யலயாம் மாமி. நாளைக்கு வரச் சொன்னாங்க.” தினம் ஒரு பொய், தினம் ஒரு தூக்கம்.

ஒன்பதாம் நாள் கண்டக்டர் சவுரிராயனே கேட்டுவிட்டார். அவர் நல்ல மனுஷர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். “ஏம்மா, மாப்ள தூங்கறதுக்கு உங்க வூட்ல கட்டில் இல்லியா? தெனம் என் பஸ்ஸுக்கே கூட்டியாந்துர்றியே.”

முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸாலிஹாவுக்கு முகம் எரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனசு என்னென்னவோ சொல்லியது. இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. அம்மா சொன்னதற்காகக் கட்டிக்கொண்டார். அங்கே வேறு யாராவது இருக்கிறார்களோ? என் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொள்கிறாரோ? பாதி நாள் போய்விட்டது. அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது மொத்தம் மூன்று விஷயம்: இடது புருவத்தில் தழும்பு, கத்தரிக்காய் ஆகாது, பஸ்ஸில் ஏறினால் தூங்குவான். அக்காவைவிட மோசம். அன்றைக்கு ராத்திரி விருந்தில் அவளுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

பத்தாம் நாள் போகவே வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆசிப்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “ஆதாருக்குப் போகலியா? ஜல்தி வா” என்றான். கிண்டலா நிஜமா என்று அவளுக்குப் புரியவில்லை. போனாள்.

வல்லத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது டயர் பஞ்சராகி பஸ் ஓரங்கட்டியது. இன்ஜின் நின்றது. அவ்வளவுதான், ஆசிப் சடாரென்று எழுந்தான். கண் பாதிகூடத் திறக்கவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். கால் பக்கம் பார்த்தான், மறுபடியும் துழாவினான்.

“என்னங்க தேடுறீங்க?”

“ஹெல்மெட்டு.”

“எந்த ஹெல்மெட்டு?”

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம் தான் எங்கே இருக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கினான்.

அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரமாகும், நடந்தால் அதற்குள் வல்லமே போய்விடலாம் என்றார் சவுரிராயன். இரண்டு பேரும் நடந்தார்கள். ரோட்டோரக் கொல்லையில் ஆட்கள் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வெயிலில் புர்காவுக்குள் அவளுக்கு வேர்த்து ஊற்றியது. நூறு அடி போயிருக்கும், அவன் தானாகவே ஆரம்பித்தான்.

“கத்தார்ல நாங்க தங்குற கேம்ப்புக்கு, எங்கள ஏத்திக்கினு போக காலைல நாலரைக்கு பஸ் வரும். கட்டடம் கட்டுற சைட்டுக்குப் போக ஒண்ணரை மணி நேரம். அந்த ஒண்ணரை மணி நேரம் தூங்குனாதான் அன்னிக்கி மேல ஏறி ஏசி காத்து போற டக்ட் மாட்ட முடியும். தூங்காதவன் கீழ விழுவான். நம்ம பசங்க ரெண்டு பேரு விழுந்து பாத்துட்டேன். ஏழு வருஷம். சீட்டுல உக்காந்து இன்ஜின் சத்தம் காதுல விழுந்துச்சின்னா கண்ணு தானா மூடிக்கும். நின்னா தானா தொறக்கும். கை ஹெல்மெட்டுக்குப் போயிரும்.”

ஸாலிஹா நின்றுவிட்டாள். “இத மொத நாளே சொல்றதுக்கு என்னங்க?”

“நீ அவ்ளோ ஆசையா, இதான் நம்ம அனிமூன்னு சொன்ன. பஸ்ஸுல ஏறுனா தூங்கிப்புடுவேன்னு புதுப் பொண்டாட்டிகிட்ட எப்பிடி சொல்றது? தெனம் ஏறும்போதெல்லாம் இன்னிக்கித் தூங்கக்கூடாதுன்னுதான் ஏறுவேன். தொடையைக் கிள்ளிக்கினுகூடப் பாத்தேன். பேஜாரு.”

“என்னப் புடிக்காமத்தான் தூங்குறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில் நின்று அழுதாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். “அழுவாத. இனிமே நடந்துக்கினே பேசலாம்” என்றான்.

பாருங்கள், உலகத்தில் எத்தனையோ வாகனம் இருக்க, ஏழு வருஷமாகப் பஸ்ஸில் தூங்கியே பிழைத்தவனை இவள் பஸ்ஸில் ஏற்றித் தேனிலவு கொண்டாடியிருக்கிறாள்.

அதற்கப்புறம் முறை மாறிற்று. காலையில் பஸ் ஏறுவார்கள். அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்குவான், அவள் எழுப்ப மாட்டாள். ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கி அடுத்த ஊர் வரை நடப்பார்கள். அப்போது இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். தழும்பு எப்படி வந்தது, அவளுக்கு ஏன் பல்லியைக் கண்டால் ஆகாது, கேம்ப் அறையில் எந்தக் கட்டில் அவனுடையது, அவன் இல்லாதபோது அவள் வேலைக்குப் போகலாமா, அதை மாமியிடம் யார் சொல்வது என்று ஒன்று விடாமல் பேசினார்கள். டீக்கு அவனுக்கு அரை ஸ்பூன் சீனிதான் என்பதும் அதில் தெரிந்தது. சவுரிராயன் இப்போது கிண்டல் பண்ணுவதில்லை. “எந்த ஸ்டாப்புமா இன்னிக்கி?” என்று மட்டும் கேட்பார். ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு நாள் குறைகிற பயம் ஸாலிஹாவுக்கு அப்படியேதான் இருந்தது.

கிளம்புகிற நாளும் வந்தது. மத்தியான விமானம், காலையிலேயே வேன் வந்து நின்றது. பெட்டியோடு எட்டுப் பேர். ஆசிப் முன்சீட்டில் ஏறப்போனான். ஹலீமா பீவி தடுத்தார். “நீ பின்னாடி அவ கூட உக்காரு.” பிறகு மருமகள் பக்கம் திரும்பி, “ஆதார்ல அட்ரஸ் மாறிடுச்சாம்மா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல மாமி” என்றாள் ஸாலிஹா, தலையைக் குனிந்துகொண்டு.

“இருக்கட்டும். நல்லா நடந்து நடந்து பாத்தீங்க” என்றார் ஹலீமா பீவி. எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது, அந்தப் பொல்லாத மனுஷிக்கு.

வேன் கிளம்பியது. இரண்டு மணி நேரம்தான் பாக்கி, அதுவும் இன்ஜின் சத்தத்தில். தூங்கிவிடுவான். தூங்கட்டும், அது அவன் குற்றமில்லை என்று ஸாலிஹா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தோளைத் தாழ்த்தி வைத்தாள். மதுராந்தகம் தாண்டி டீக்கடையில் நிறுத்தினார்கள். அவனுக்கு டீ சொல்லும்போது, “ஒண்ணுல மட்டும் சீனி அரை ஸ்பூனுங்க” என்றாள். யாரிடமும் கேட்கவில்லை.

வேன் மறுபடியும் கிளம்பியது. அவன் கண் சொருகியது. பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி முகத்தில் அடித்துக்கொண்டான். செங்கல்பட்டு வந்தபோது மறுபடியும் அடித்துக்கொண்டான். சட்டைக் காலர் நனைந்துவிட்டது. முன்சீட்டிலிருந்து மச்சான் ஒருவர் திரும்பி, என்ன இது என்று பார்த்தார்.

“சாஞ்சிக்குங்க. நான் எழுப்புறேன்” என்றாள் ஸாலிஹா மெதுவாக.

“அங்க போயித் தூங்கிக்கிறேன்” என்றான் ஆசிப்.

துப்பட்டாவுக்குக் கீழே அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, சிவந்துபோன கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மீனம்பாக்கம் வந்து வேன் நிற்கிற வரைக்கும் அவன் தூங்கவில்லை.