எட்டுத் துளையில் ஏழு கால்

பிள்ளைகளே, ஊசி நூல் போட்டு வைக்கும் தகரப் பேணிக்குள் ஒரு கறுப்புச் சாமானைக் கண்டெடுத்து, போன கிழமை அது என்ன என்று கேட்டீர்கள். சின்னவன் பம்பரம் என்றான். மூத்தவள் ஏதோ மருந்துக் குப்பியின் மூடி என்றாள். நான் பிறகு சொல்கிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அதைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வட்டமாக எட்டுப் பித்தளைக் கால்கள் இருக்கும். மேலே சின்னச் சின்னதாய் ஏழு துளைகள். அந்தக் காலத்து ரேடியோவுக்குள் கண்ணாடிக் குப்பி போல வால்வுகள் இருந்தன. அவை சூடேறிச் சிவந்தால்தான் பாட்டு வரும். ஒரு வால்வு செத்துப் போய், அதே மாதிரி வால்வு கடையில் கிடைக்காவிட்டால், அதே வேலையைச் செய்கிற வேறொரு வால்வைத் தேடுவார்கள். வேலை ஒன்றாக இருக்கும், கால்கள் வேறாக இருக்கும். ஏழு கால் வால்வை எட்டுத் துளைக்குள் இருத்துவதற்கு இடையில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் இது. செய்தவர் உங்கள் மாமா, என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை, எனக்கு மச்சான்.

எழுபதுகள் முடிகிற நேரம் மச்சான் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சம்மாந்துறைக்காரர். அங்கே ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை. தினமும் காலையில் வயல் வெளியால் சைக்கிளில் போய்ப் பின்னேரம் வருவார். நல்ல உயரம். எங்கள் வீட்டு வாசல்கள் குள்ளம். வந்த முதல் மாதம் நெற்றியில் காயமில்லாமல் அவரை நான் கண்டதில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த நாளில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்க மாட்டார்கள். அது மரியாதை. மச்சான் விறாந்தைக்கு வந்தால் உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவார். சொல்ல வேண்டியதை ராத்தாவிடம் சொல்வார், அல்லது என்னிடம் சொல்வார். இருவரும் இல்லாவிட்டால் உம்மா கோழியிடம் சொல்வார்.

“ஏ கோழி, இண்டைக்குக் கறிக்கு உப்புக் கூடிட்டோ எண்டு ஆருட்டக் கேக்கிற நான்?”

முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொண்டிருக்கும் மச்சான் தலையை நிமிர்த்தாமல் சொல்வார்: “சைக்கிளே, உப்பெல்லாம் அளவுதான். நேத்தையான் மீன்தான் கொஞ்சம் சப்பெண்டு இருந்திச்சி.”

ராத்தா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். “கோழியையும் சைக்கிளையும் கலியாணம் முடிச்சி வைங்க, எனக்கு வேல மிச்சம்” என்பாள்.

வாப்பாவிடம் ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது. பெட்டி தேக்கு மரம். பின் அட்டையைக் கறையான் தின்று எப்போதோ போய்விட்டது. ஊரில் கையளவு டிரான்சிஸ்டர்கள் வந்த பிறகும் அந்த ரேடியோவுக்கு ஒரு மதிப்பு இருந்தது. நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மஃரிப் தொழுதுவிட்டு எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். பிறை கண்டதா இல்லையா என்று கொழும்பிலிருந்து வரும் அறிவிப்பை அந்த ரேடியோவில்தான் கேட்பார்கள். வாப்பாதான் குமிழைத் திருப்புவார். வருடத்தில் அந்த ஒரு நாள் அவர் தெருவுக்கே தலைவர் போல இருப்பார்.

அந்த வருடம் நோன்பு பதினைந்து போல ரேடியோவின் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. சத்தத்தைப் பெரிதாக்கும் வால்வு செத்துவிட்டது என்றார் மச்சான். கல்முனைக் கடைகளில் கேட்டார், அக்கரைப்பற்றுக்கும் போய்க் கேட்டார். எட்டுக் கால் வால்வு எங்கும் இல்லை. ஏழு கால்தான் ஒன்று கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, செத்த வால்வைச் சாக்குத் துணியில் சுற்றி மெல்ல உடைத்தார். கண்ணாடியை எடுத்துவிட்டு அடிக் கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குள் மயிர் போன்ற கம்பிகளை விட்டு, ஒவ்வொரு காலுக்கும் ஈயம் பற்றவைத்து, மேலே ஏழு துளைச் சில்லை இருத்தினார். நோன்பு வைத்த வாயோடு மூன்று மணி நேரம் குனிந்திருந்தார். வியர்வை சொட்டாமல் இருக்க நெற்றியில் சாரன் துண்டு கட்டியிருந்தார்.

அதில் ஒரு குறை வந்துவிட்டது. அந்த அடிக் கட்டையின் நடுவில் ஒரு முளை இருக்கும். முளையின் ஒரு பக்கத்தில் சின்ன வரம்பு. ரேடியோவின் துளையில் அதற்கேற்ற வெட்டு. அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டும் சரியாகப் போடலாம். உடைக்கும்போது அந்த முளை கையோடு வந்துவிட்டது. இனி அந்தக் கட்டையை எட்டு விதமாகச் செருகலாம், அதில் ஒரு விதம்தான் சரி. மச்சான் ராத்தாவைக் கூப்பிட்டு, உம்மாவின் வெற்றிலை வட்டாவில் இருந்து சுண்ணாம்பு வாங்கி, கட்டையில் ஒரு பொட்டும் ரேடியோவின் அடித் தகரத்தில் ஒரு பொட்டும் வைத்தார். பொட்டோடு பொட்டு சேர்த்துச் செருகினார். பெயின்ட் கொண்டு வந்து பூச வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். பெருநாள் வேலையில் கடையில் கூட்டம், பெயின்ட் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஹாஜியார் வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய மகன் சவூதியிலிருந்து அனுப்பிய டிரான்சிஸ்டர் அவர் கையை விட்டு இறங்காது.

“எட்டு ஓட்டைக்குள்ள ஏழு கால ஏத்தினா நொண்டித்தானே நடக்கும், மாப்பிள?”

“நொண்டினாலும் பள்ளிக்குப் போய்ச் சேரும் ஹாஜியார்” என்றார் மச்சான்.

ரேடியோ பாடியது. வாப்பா கதிரையை ரேடியோவுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வாப்பா ஒருவரைப் புகழ்வது அவ்வளவுதான். மச்சான் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன்.

நோன்பு இருபத்தாறு, காலை. சஹர் சாப்பிட்டு ராத்தா மறுபடி படுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “மச்சான், மாமி பெருநாளைக்கு வீடு துடைப்பா. ரேடியோவத் துடைச்சாலும் அந்த ஏழு கால் வால்வ மட்டும் கழட்ட வேணாமெண்டு சொல்லு. பொட்டு அழிஞ்சா பொல்லாப்பு.”

“ஓம் ஓம், சொல்றன்” என்றேன்.

எனக்கு வயது பத்தொன்பது. கைத்தறி ஆலையில் வேலை. அன்று பெருநாள் சேட்டுக்குத் துணி எடுக்கப் போகிற நினைப்பில் இருந்தேன். துணி எடுத்தேன், தையல்காரரிடம் கொடுத்தேன், கொலரைப் பற்றி அவரோடு சண்டையும் பிடித்தேன். உம்மாவிடம் அந்த ஒரு வசனத்தைச் சொல்லவில்லை. மறந்தே போனேன்.

கச்சான் காற்று அடிக்கிற காலம். வீட்டில் எதைத் தொட்டாலும் மணல். இருபத்தெட்டாம் நாள் உம்மா வீட்டையே கழுவி எடுத்தார். நான் வேலையில், மச்சான் சம்மாந்துறையில். ரேடியோவின் பின்னால் இருந்த தூசியை உம்மா கண்டிருக்கிறார். வால்வைக் கட்டையோடு கழற்றி, ஈரத் துணியால் பளிச்சென்று துடைத்து, இருந்த இடத்திலேயே திருப்பிச் செருகியிருக்கிறார். அழுக்கோடு அழுக்காகச் சுண்ணாம்பும் போய்விட்டது.

அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு விறாந்தை நிறைந்துவிட்டது. ஹாஜியார் டிரான்சிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். “சும்மா, காவலுக்குத்தான் கொண்டு வந்தன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். திரைச்சீலைக்குப் பின்னால் பெண்களின் வளையல் சத்தம் கேட்டது. வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு குமிழைத் திருப்பினார்.

ரேடியோ ஒருமுறை உறுமியது. பின்பக்கம் ஒரு வெளிச்சம் வெள்ளையாய் வந்து அணைந்தது. மெழுகு எரிகிற வாசம். மரப் பெட்டியின் இடுக்குகளால் புகை வந்தது. மச்சான் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். பின்னால் குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது, பொட்டு இல்லை.

வாப்பா எழும்பி நின்றார். மருமகனைப் பார்க்காமல், கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: “கைவேலக்காரன் எண்டு சொல்லித்தான் எடுத்த நாங்க. எரிக்கிற கைவேலயெண்டு ஆருக்குத் தெரியும்?”

ஒருவரும் சிரிக்கவில்லை, ஹாஜியார்கூடச் சிரிக்கவில்லை. மச்சான் உள்ளே போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சைக்கிளின் பூட்டைத் திறந்தார். ராத்தாவின் அழுகை திரைக்குப் பின்னால் கேட்டது. பிள்ளைகளே, பெருநாள் இரவில் ஒரு மாப்பிள்ளை பெண் வீட்டை விட்டுத் தன் தாய் வீட்டுக்குப் போனால், விடிவதற்குள் ஊர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடும். பிறகு திரும்பி வருவது லேசில்லை. வயிற்றில் பிள்ளையோடு ராத்தா தனித்துப் போவாள். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். அவர் என்னிடம் சொன்ன வசனம் அந்த நேரம்தான் என் தலைக்குள் சத்தமாய்க் கேட்டது. நான் ஒரு அடி முன்னுக்கு வைத்தால் போதும். என் கால் எழும்பவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

திரைச்சீலை விலகியது. உம்மா வெளியே வந்தார். முக்காட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவால் நடந்து வந்து, மச்சானுக்கு நேரே நின்றார். என் உம்மா அப்படி நின்று அதற்கு முன் நான் கண்டதில்லை.

“மகன், நில்லுங்க. அதக் கழட்டினது நான்தான். தூசியெண்டு துடைச்சிப்போட்டு மறுகாத் திருப்பிக் குத்தின. கழட்டப்படாதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. உங்கட கையில ஒரு பிழையுமில்ல.” பிறகு வாப்பாவைத் திரும்பிப் பார்த்து, “ஏசிறெண்டா என்ன ஏசுங்க” என்றார்.

மச்சான் தலை நிமிர்ந்தார். முதலில் உம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

“ஓம் மாமி” என்றார். “சொல்லாதது என்ட பிழைதான். சொல்ல மறந்துட்டன்.”

சைக்கிளை மறுபடி மதிலோடு சாத்தினார். வாப்பா இருமினார். ஹாஜியார் டிரான்சிஸ்டரைக் கக்கத்தில் இருந்து எடுத்து, மிக மரியாதையாக, எங்கள் ரேடியோவின் தலையில் வைத்து முடுக்கினார். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது, பிறை தெரிந்துவிட்டது. எல்லாரும் தக்பீர் சொல்லிக்கொண்டு எழும்பினார்கள். வாப்பா மச்சானின் தோளில் கையை வைத்து, “வாங்க மருமகன், பள்ளிக்குப் போவம்” என்றார்.

ஒரு மாதம் கழித்து மச்சான் ரேடியோவில் எரிந்ததை மாற்றி, இன்னொரு கட்டையும் செய்தார். அதுதான் நீங்கள் கண்டெடுத்தது. நடுவில் வேப்பங் கட்டையில் சீவிய முளை ஒன்று ஒட்டியிருக்கிறது பாருங்கள். இனி ஆரும் பிழையாகப் போட முடியாது. ரேடியோ எண்பத்தைந்து, ஆறு வரைக்கும் பாடியது. அன்றைக்குப் பிறகு உம்மாவும் கோழியோடு கதைப்பதை விட்டுவிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “மகன், சோறு போடட்டா?” என்று நேரே கேட்பார். மற்ற வீட்டு மாமிமார் குறை சொன்னார்கள். உம்மா காதில் போடவில்லை.

நான் மட்டும் வாய் திறக்கவில்லை. மச்சான் கேட்கவுமில்லை, சொல்லிக் காட்டவுமில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வருடங்கள் போகப் போக அதைச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே வந்தது.

நீங்கள் அந்தச் சாமானைக் கண்டெடுத்த அடுத்த நாள் நான் ராத்தா வீட்டுக்குப் போனேன். மச்சானுக்கு இப்போது காது மந்தம். மூன்று தரம் சத்தமாய்ச் சொன்னேன். மூன்றாம் தரம் ராத்தாவும் குசினியில் இருந்து கேட்டுவிட்டாள். மச்சான் பொக்கை வாயால் சிரித்தார்.

“இத்தன வருசமா இதையாடா சுமந்த நீ? நீ சொல்லியிருந்தா மாமி அண்டைக்கு ஏன் என்னோட கதைக்கப் போறா? சாகுமட்டும் கோழியோடதான் கதைச்சிருப்பா.”

ராத்தாவும் சிரித்தாள். எனக்கு ஒரு தேத்தண்ணி வந்தது. அவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். என் மனம் லேசாகவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டிய இன்னொருவர் இல்லை. ரேடியோவை எரித்தது தன் கைதான் என்று உம்மா கடைசி வரைக்கும் நம்பியிருந்தார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டை மூலை முடுக்கெல்லாம் கழுவுவார். அந்த மேசையையும் துடைப்பார். துடைத்துக்கொண்டே வந்து, ரேடியோவுக்கு ஒரு சாண் இப்பால் அவருடைய கை நின்றுவிடும். துணியைப் பிழிந்துகொண்டு என்னைக் கூப்பிடுவார்: “மகன், இதை மட்டும் நீ துடைச்சி விடு. எனக்குப் பயம்.”

நான் துடைத்துக் கொடுப்பேன்.