அரை மணி நேரச் சராசரி

தடுப்பூசிக் கிடங்கின் குளிர் அறைக்கு வெப்பநிலைப் பதிவேடு எழுதுவது என் வேலை. கருவிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவளை எல்லோரும் மீட்டரம்மா என்றே கூப்பிட்டோம். பதினேழு ஆண்டுகள் தையல் மிஷின் பழுது பார்த்தவள். நாற்பத்தோரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து டிப்ளமோ முடித்தாள். வேலை ஆறு மாதத்துக்குத்தான். எச்சரிக்கை மணி காரணமில்லாமல் அடிப்பது நின்றால் நிரந்தரம் என்றார் மேலாளர்.

அறைக்குள் இருந்த சென்சார் வெப்பநிலையை மிகச் சிறிய மின்னழுத்தமாகத் திரைக்கு அனுப்பும். கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம் எண் மருந்துக்கு எல்லையான எட்டு டிகிரியைத் தாண்டிக் குதிக்கும், மணி அலறும். உள்ளே கண்ணாடி வெப்பமானியில் நான்குதான் இருக்கும்.

"அண்ணி, உங்க மீட்டர் எங்க அம்மா மாதிரி. ஒண்ணுமில்லாததுக்கு ஊரையே கூட்டுது" என்பாள் பொட்டலப் பிரிவில் இருந்த அவள் நாத்தனார்.

"இதை நான் சொன்னா வீட்ல சோறு கிடைக்காது, தெரியும்ல?"

சென்சார் கம்பியின் இரு முனைகளையும் மீட்டரம்மா ஐந்து முறை கழற்றி மாட்டினாள். குதிப்பு நிற்கவில்லை. கடைசி வாரத்தில், திரை அரை மணி நேரச் சராசரியைக் காட்டும்படி மாற்றினாள். எண் ஆடாமல் அசையாமல் நின்றது. மேலாளர் நிரந்தர ஆணையில் கையெழுத்திட்டார்.

மறுநாள் பகல் 2.40. தள்ளுவண்டி இடித்துக் கதவு பன்னிரண்டு நிமிடம் திறந்தே கிடந்தது. கண்ணாடி வெப்பமானி 11.0, திரை 5.4. மணி அடிக்கவில்லை. கதவோரத் தட்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கோளாறை நான் சரிபண்ணலைங்க. மணியோட வாயைக் கட்டிட்டேன்."

நேரே மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"வேலை கைக்கு வந்தாச்சு. இப்ப எதுக்கும்மா வந்து சொல்றீங்க?"

"குழந்தைங்களுக்குப் போடுற மருந்து சார்."

ஆணை மேசை இழுப்பறைக்குள் திரும்பிப் போனது. மூன்று மாதத் தவணை கிடைத்தது.

மறுநாள் காலை ஏணி போட்டுக் கம்பி போகும் வழி முழுக்கப் பார்த்தாள். பதினொரு மீட்டர் தூரத்துக்குச் சென்சார் கம்பியும் கம்ப்ரசரின் மின்கம்பியும் ஒரே குழாயில் ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன. கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம் அதன் மின்சாரம் பக்கத்துக் கம்பியின் சிறிய மின்னழுத்தத்தைக் கலைத்திருக்கிறது.

"மிஷின்ல நூல் ரெண்டு முனையிலதான் தகராறு பண்ணும். அதே நெனப்புல நடுவுல பாக்காம விட்டுட்டேன்" என்றாள்.

கம்பியைத் தனிக் குழாய்க்கு மாற்றினாள். சராசரியைப் பத்து விநாடியாகக் குறைத்தாள். அடுத்த நாள் கம்ப்ரசர் இருபத்து மூன்று முறை கிளம்பியது. மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. பிறகு உள்ளே போய்ச் சென்சாரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். நாற்பதாவது விநாடியில் மணி அலற, மேலாளர் ஓடி வந்தார்.

"மறுபடியுமா?"

"இப்பத்தான் சார் ஒழுங்கா வேலை செய்யுது."

அதிலிருந்து பதினோராம் நாள் அவர் ஆணையை எடுக்க இழுப்பறையைத் திறந்தார்.