செராய் எண்ணெய் தடவிய விரல்கள்

போன வாரம் சிரம்பான் ரஹாங்கில் என் வீட்டுக்கு வந்த மகள், விரல் நீளக் குப்பி ஒன்றை என் கையில் வைத்தாள்.

"ம்மா, முட்டிக்குத் தடவிப் பாருங்க. லெமன்கிராஸ் ஆயில். வீக்கம், வலி எல்லாத்துக்கும் நல்லதாம் லா."

மூடியைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம் போலிருக்கிறது.

லெமன்கிராஸ் எங்களுக்குச் செராய். கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது வீடே அந்த வாசம்தான். என் சட்டையில், தலைமுடியில், பள்ளிப் புத்தகத்தில்கூட. பள்ளிக்கூடத்தில் எனக்கு, செராய் போட்டுக் கொதிக்கவைக்கும் சூப்பின் பெயரால், 'தொம்யாம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வாசத்துக்கு எனக்கே பசியெடுக்கும், என்ன செய்ய?

எல்லாம் அம்மாவுக்காக வாங்கிய எண்ணெய். அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. விடியற்காலையில்தான் ரொம்ப மோசம். விரல் மடங்காவிட்டால் பால் சீவும் உளியைப் பிடிக்க முடியாது, உளி பிடிக்காமல் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாது. பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் ஒருவர் செராயைக் காய்ச்சி எண்ணெய் வடிப்பார். அப்பா அதை வாங்கி வந்து, சுடவைத்த தேங்காயெண்ணெயில் சில சொட்டு விட்டு, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவார். அப்பா பேச்சிலும் நடையிலும் முரடு. எங்கள் வீட்டுக் கதவே அவருக்குப் பயப்படும். அந்த நேரத்தில் மட்டும் குஞ்சுப் பறவையைப் பிடித்திருப்பவர் போல இருப்பார்.

"மேரி, இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லங்க. மடங்குது, பாருங்க."

உண்மையாகவே மடங்கும். சூடு, வாசம், அப்பாவின் கை, எது வேலை செய்ததோ, வலி கொஞ்சம் இறங்கும். வெட்டி முடிக்கும்வரை தாங்கும். மறுநாள் விடியலில் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர், சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தார்.

"எண்ணெயிலயே கேக்குது சார். நான் லீவு போட்டா என் மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்பார் அம்மா.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு மழைக்காலக் காலையில் எண்ணெயும் கேட்கவில்லை. உளி கையைவிட்டு விழுந்து, குனிந்து எடுக்க முடியாமல் அம்மா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து வீட்டில் விட்டார். மறுநாள் மூவரும் சிரம்பானுக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் தமிழர். இளம் வயது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எண்ணெய் தப்பில்லம்மா. வலி குறைஞ்சிருக்கும், வீக்கமும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனா உள்ள மூட்டு அரிச்சிக்கிட்டே இருந்திருக்கு. முன்னாடியே வந்திருக்கலாம்."

திரும்பும்போது பஸ் மலை வளைவுகளில் ஏறியது. அப்பா சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "நான்தானே தடவுனேன்."

அம்மா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "நீங்க தடவலன்னா ஒரு நாளுகூட நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன்."

அது ஆறுதலா, குற்றச்சாட்டா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. கோணிய விரல்கள் கோணியபடியே நின்றுவிட்டன. அம்மா அதன் பிறகு மரம் வெட்டவில்லை. கொஞ்ச காலத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். நாங்கள் இருந்த வரிசைவீட்டு லயம் எந்த வீட்டுக்கு அடியில் கிடக்கிறதோ. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு சின்ன மாதா கோயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு எத்தனை பேர் கைதட்டினாலும் அம்மாவின் கைதட்டு தனியாகக் கேட்கும். ஆண்கள் பக்கமிருந்து அப்பா ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார், கொஞ்சம் பெருமையாக. சிரம்பான் போய்வந்த அந்த ஞாயிறும் அம்மா தட்டினார். உள்ளங்கைகள் சேரவில்லை. சத்தமே வரவில்லை. பாட்டு முடியும்வரை தட்டிக்கொண்டேயிருந்தார்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.