செல்லாயி இறக்கிய வாளி

இல்லை முத்தையா, செல்லாயி ரவுடி இல்லை. அவள் செத்த செய்தி தோட்டத்துக்கு வந்ததும், "அந்த ரவுடி போய்ச் சேந்தாளா?" என்று கேட்டாயாம். இழவு வீட்டுக்கு நீ வரவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் முன்னால் உனக்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் றப்பர் தோட்டத்தின் பிள்ளைக்காம்பரா ஆயா அவள். தாய்மார் றப்பர் மரத்தில் பால்வெட்டப் போனால் பிள்ளைகள் அவள் மடியில். உன் மகள் சுகந்திக்கு அப்போது ஐந்து வயது. குடித்துவிட்டு விறகுக்கட்டையால் நீ போட்ட போட்டில் கை ஒடிந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெசின் தலைக்கு மேலே வந்ததும் பிள்ளை அலறி, பிடித்தவர் கையைக் கடித்துவிட்டது. மேலேயிருந்து எது வந்தாலும் அடி என்றுதானே உன்னிடம் படித்திருந்தது. படம் எடுக்காவிட்டால் கை கோணிப்போகும், நாளைக்குப் பழக்கிக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் செல்லாயி றப்பர்ப் பால்வாளியைக் கயிற்றில் கட்டிக் காம்பரா உத்திரத்தில் தொங்கவிட்டாள். கீழே வாங்குப் பலகையில் முதலில், காம்பராவுக்குத் தண்ணீர் சுமக்கும் என்னைப் படுக்கவைத்தாள்.

"அசையாம கெட கெழவா. அசைஞ்சா படம் கலங்கிரும்."

"அழகா எடு தாயி. பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்."

"ஒன் மூஞ்சியப் பாத்தா மெசினே ஓடிரும்."

சுகந்தி சிரித்தாள். பிறகு தானே படுத்தாள். வாளி மெதுவாக இறங்கி நெஞ்சுக்கு மேலே நின்றது. பிள்ளை கண்ணை மூடவில்லை.

அப்போதுதான் நீ பால்வெட்டுக் கத்தியோடு வந்தாய். "அந்தப் படத்துல என் வெரலு பதிஞ்சிருக்கும். பொலிசுல குடுக்கவா பாக்குற?"

"எலும்புதாண்டா தெரியும், நாயே. அடிச்சவன் தெரிய மாட்டான்."

நீ நம்பவில்லை. ஒடிந்த கையைப் பிடித்தே பிள்ளையை இழுத்தாய். செல்லாயி குறுக்கே பாய்ந்தாள். கத்தி அவள் முன்கையைக் கிழித்தது. அவள் வாளியைக் கயிற்றோடு பிடுங்கி உன் வாயில் ஒன்று வைத்தாள். பல்லைத் துப்பிக்கொண்டே ஓடினாய்.

சுகந்தி வாங்குக்கு அடியில் ஒடுங்கிவிட்டாள். "அடிக்காதுன்னு பொய் சொன்னீங்க ஆயா. வாளி அடிக்குது."

எல்லாம் பாழ் என்று நினைத்தேன். செல்லாயி ரத்தம் சொட்டச் சொட்டத் தரையில் உட்கார்ந்தாள்.

"வாளி அடிக்கலடி. நான்தான் அடிச்சேன். அந்த மெசின் ஒன்னைய தொட்டுச்சுன்னா, அதையும் அடிப்பேன்."

பிள்ளை வாங்குக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

அன்றைக்கு எக்ஸ்ரே அறைக்கதவு மூடியபின் உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை. வெளியே செல்லாயி, காயத்தில் சீலைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கதவையே முறைத்தபடி நின்றாள்.

இழவு வீட்டில் உன் மகள் என் பக்கத்தில்தான் இருந்தாள் முத்தையா. அவளிடம் சொன்னேன்: "அவ என்னைய ஏசின ஏச்செல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு புள்ள. ஒண்ணொண்ணா சொல்றேன், கேளு. மொத ஏச்சு..."

பாடை தூக்க ஆள் கூப்பிட்டார்கள். சுகந்தி எழுந்து போனாள். "பொம்பளைங்க தூக்கக்கூடாதும்மா" என்று யாரோ தடுத்தார்கள். அவள், ஒடிந்து கூடிய அந்தக் கையால், முன்கம்பைப் பிடித்துத் தோளில் ஏற்றினாள்.