ஏழாம் அறையில் எத்தனை மந்திரவாதிகள்

ஞாயிறு காலைகளில் சிவகாசியில் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் மந்திரவாதிகளாக இருப்போம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்துபவர் டீச்சர். மந்திர விதிகளை அவரே தமிழில் எழுதியிருந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவற்றை அச்சடித்துக் கொடுத்தவர் எங்களில் ஒருவரான அச்சக ஊழியர். இன்னொருவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். நான் நிருபர். போர்மேன்தான் என்னைக் கூட்டி வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாளே 'மருந்து' என்ற சொல்லால் தகராறு. அடிபட்ட மந்திரவாதி குடித்தால் தேறிவிடும் திரவத்துக்கு டீச்சர் அந்தப் பெயரை வைத்திருந்தார்.

"மருந்தக் குடிச்சவன் எப்படி டீச்சர் பொழைப்பான்? நம்மூர்ல அது பக்கத்துல இருந்தாலே ஆள் காலி," என்றார் அச்சக ஊழியர்.

பட்டாசுக்குள் அடைக்கும் வெடிபொடிக்கும் இங்கே அதே பெயர்தான். டீச்சர் விட்டுக்கொடுத்தார். மருந்து என்றால் வெடிக்கும் மந்திரப்பொடி என்று திருத்தினோம். அதைக் கலக்கும் மந்திரவாதிகளின் சங்கத்துக்குப் போர்மேன் தலைவரானார். வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று நிஜ ஆலை விதிகளையே சங்க விதிகளாகச் சொன்னார்.

தீபாவளி சீசனில் ஒரு ஞாயிறு, கதையில் அரசர் பெரிய ஆர்டர் கொடுத்தார். போர்மேன் பதினொரு மந்திரவாதிகளை ஒரே அறையில் உட்கார வைத்தார்.

"நாலு பேருன்னு நீங்கதான சொன்னீக," என்றார் டீச்சர்.

"சீசன்ல அப்படித்தான் டீச்சர். ஏழாம் நம்பர் ரூம்ல பதினொரு பேரு..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் கதையில் அறைகளுக்கு எண் கிடையாது.

போர்மேன் என்னைப் பார்த்தார். "இத எழுதிராதீக. என் வேலை போயிரும்."

"வேலைய விடுங்க. அந்தப் பதினொரு பேரு?" என்றார் டீச்சர். போர்மேன் பகடையை எடுத்து உருட்டினார்.

வாய் தவறிச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அறை எண் சொல்வதில்லை. திங்கட்கிழமை மூன்று முறை அழைத்தும் அவர் போனை எடுக்கவில்லை. செவ்வாய் காலை ஆலைக்கே போனேன். நான் வாய் திறக்கும் முன்பே காவலாளி, "பத்திரிகைக்காரகளா? வருவீகன்னு சொன்னாக," என்று கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்.

மேனேஜர் என்னை நேரே ஏழாம் அறை வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளே நான்கு பேர். "எண்ணிக்கிடுங்க. நீங்க ஆள் வச்சு விசாரிக்கிறீகன்னு போர்மேன் சொன்னாரு."

நான் யாரையும் விசாரிக்கவில்லை. போர்மேன் சற்றுத் தள்ளி நின்று, என்னைத் தெரியாதவர்போல வெடிக்குழாய்க் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. பதினொன்று.

"மத்தவங்க எங்கே?"

"இன்னைக்கு லீவு," என்றார் மேனேஜர்.

"நாளைக்கும் வருவேன்," என்றேன். கட்டுகள் மேல் குனிந்தபடியே போர்மேன் சொன்னார்:

"வாங்க. சீசன் முடியுற வரைக்கும் டெய்லி வந்து எண்ணிக்கிடுங்க."