மிஞ்சி நின்ற இரண்டு பச்சை

வீட்டில் அவளுக்கு 'டெஸ்ட் மேடம்' என்று பெயர். வைத்தவர் அப்பா. கடைகளில் பில் போடும் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அப்பா கேட்டுவிட்டார்: "அடுத்தவன் செஞ்சதுல நொட்டை சொல்றதுக்குச் சம்பளமா? உங்கம்மா இத்தனை வருஷமா ஓசியிலதானே செய்யிறா!"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் இரையும் சின்ன அறையில், உதிரிப்பாகம் வந்து சேரும்வரை காத்துக் கிடப்பதே அவர் வேலையில் பாதி. அந்த நேரத்துக்காகத்தான் அவள் ஒரு விளையாட்டை எழுதி அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். பலகை நிறைய வண்ண வண்ண டைல்கள். ஒரே நிறத்தில் இரண்டோ அதற்கு மேலோ ஒட்டி நின்றால் தொடலாம். அவை மறைந்துவிடும், மேலே இருப்பவை சரிந்து விழும். ஒற்றை டைலைத் தொட முடியாது. பலகை காலியானால் வெற்றி.

எழுதி முடித்ததும் ஆசை மெல்லக் கால் நீட்டியது. கல்லூரி நாட்களில் அவள் ஆடிப் பழகிய புதிர்த் தொகுப்பு ஒன்று இணையத்தில் உண்டு. யாரும் இலவசமாக எடுத்து ஆடலாம். யாரும் அதன் நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் புதிரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். தயங்கித் தயங்கி அனுப்பிவைத்தாள். தொகுப்பைப் பார்த்துக்கொள்பவர், எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர், பதில் எழுதினார். 'நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. தீர்க்க முடியாத பலகையை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. உங்களுடையது எப்போதும் தீருமா?'

'தீரும்' என்று உடனே எழுதிவிட்டாள். சின்னச் சின்னப் பலகைகளை ஆடிப் பார்த்திருந்தாள், எல்லாம் தீர்ந்தன. பெரிய பலகையைச் சோதிக்கத் தோன்றவில்லை. அலுவலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வறுத்தெடுத்திருப்பாள். அப்பாவிடமும் அதையேதான் சொன்னாள். "எல்லாமே முடியும்பா. யோசிச்சு ஆடணும், அவ்வளவுதான்."

அதன்பின் அப்பா பெரிய பலகை ஒன்றோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். பலகைக்குப் பலகை எண் உண்டு. அதே எண்ணைப் போட்டால் அதே பலகை மறுபடி வரும். அவரும் விடாமல் அதையே போட்டார். எப்படி ஆடினாலும் கடைசியில் இரண்டு பச்சை மிஞ்சின.

"கோவிச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரி ஆளுக்கொரு மூலையில நிக்குதுங்க பாரு" என்றார், சாப்பாட்டுத் தட்டை ஆறவிட்டுக்கொண்டு.

"வேற ஒண்ணை எடுத்து ஆடுங்களேன். அது என்ன உங்க கூடப் பொறந்ததா?" என்றாள் அம்மா.

"முடியும்னு மேடம் சொல்லியிருக்கா. அப்ப முடியும். எனக்குத்தான் மண்டை பத்தல. பத்தியிருந்தா அன்னைக்கே கணக்குல பாஸாகியிருப்பேனே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. போனை வாங்கி அவளே ஆடினாள். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, அந்தப் பலகையை ஆடக்கூடிய எல்லா வழிகளையும் ஒன்றுவிடாமல் முயன்று பார்க்க ஒரு நிரல் எழுதி ஓடவிட்டாள். தேடி முடித்த நிரல் சொன்னது: ஒரு வழியும் இல்லை.

கேள்வித்தாளே தப்பாக இருக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. படித்துவிட்டு வந்த அவளுக்கும்கூட, ஒன்று வரவில்லையென்றால் முதலில் தன் மேல்தான் சந்தேகம் வரும். இப்போது கேள்வித்தாளைப் போட்டவளே அவள்தான். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகத் தொகுப்பைப் பார்த்துக்கொள்பவர் வேறு எழுதியிருந்தார். பேசாமல் இருந்தால் புதிர் சேர்ந்துவிடும். யாரோ ஒருவர், எங்கோ ஒரு மோட்டார் அறையில், தன் மண்டையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

'இப்போது சேர்க்காதீர்கள். நான் சொன்னது தவறு' என்று எழுதி அனுப்பினாள். பிறகு அப்பாவிடம் போனாள்.

"அந்தப் பலகைக்கு வழியே இல்லப்பா. நான் போட்டதுதான் தப்பு."

"அப்ப நான் ஆடினது?"

"சரியாத்தான் ஆடியிருக்கீங்க. ரெண்டுக்குக் கீழ யாராலயும் கொண்டுவர முடியாது."

"அடிப்பாவி! தலையைப் பிச்சுக்கிட்டிருந்தேனே! இன்னைக்கு இவளுக்கு டீ கிடையாது."

"டீ போடுறது நான்" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. "யாருக்குக் கிடையாதுன்னு நான்தான் சொல்லணும்."

அப்பா அதற்குள் கூட வேலை செய்பவரைப் போனில் பிடித்துவிட்டார். "டேய், அதுக்கு வழியே இல்லையாம்டா! கம்ப்யூட்டரே கைய விரிச்சிடுச்சு!" தனக்குப் பதவி உயர்வு வந்தபோதுகூட அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை.

அவள் புதிரைத் தலைகீழாகத் திருப்பி எழுதினாள். காலிப் பலகையில் தொடங்கி, ஒரே நிறத்து டைல்களை, பக்கத்தில் அதே நிறம் வேறு ஒட்டாதபடி, இரண்டிரண்டாக நுழைத்து, மேலே இருப்பவற்றை ஏற்றிக்கொண்டே போவது. நுழைத்த வரிசையைப் பின்னாலிருந்து எடுத்தால் பலகை காலியாகியே தீரும். இந்த முறை பெரிய பலகைகளையும் நிரலிடம் கொடுத்துச் சோதித்தாள். அலுவலகத்தில் அவளிடம் திட்டு வாங்குபவர்கள் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார்கள்.

மறுபடி அனுப்பிவைத்தாள். பதில் வந்தது. 'சேர்த்துக்கொள்கிறேன். முகப்பில் வைக்க, பாதி ஆடிய பலகையின் படம் ஒன்று வேண்டும்.'

அப்பா புதுப் பலகை ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார். "அதை ஒரு படம் எடுக்கணும்பா" என்று அவள் கை நீட்டினாள்.

"இரு, பாதியில நிக்குது. முடிச்சிட்டுத் தர்றேன்."

"முடிச்சிட்டா படத்துல என்னப்பா இருக்கும்?"

அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் போனைக் கொடுத்தார். அவள் படமெடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்கு வழி இருக்கா?"

"இருக்குப்பா. சோதிச்சிட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அப்ப தோத்தா என் தப்புதான். சரி, தள்ளி உக்காரு. வெளிச்சத்தை மறைக்காதே."