முழுச்சேதம்

வாழ்க்கையில் முதன்முதலாக நான் பொறாமைப்பட்டது ஒரு வீட்டின் மீது. அதிலும், இல்லாமல் போன வீட்டின் மீது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் வளவு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் என்பதால் ஒரே வளவில் இரண்டு வீடுகள். மூத்தவளான பெரியம்மாவுக்குக் கடலைப் பார்த்த முன்வீடு. இளையவளான அம்மாவுக்குப் பின்வீடு. முன்வீடு குடித்து மிச்சம் விட்ட காற்றுத்தான் நமக்கு என்று அம்மா அடுப்படியில் புகையோடு புகையாக முணுமுணுப்பாள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மாவும் அவள் மகளான அக்காவும் நானும் டவுனில் கோயிலில் நின்றோம். அப்பா வயலுக்குப் போயிருந்தார். பெரியப்பா முன்வீட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடல் வந்தது, போனது. முன்வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் பல்லைக் காட்டிக் கிடந்தது. பெரியப்பா கிடைக்கவேயில்லை. பின்வீட்டில் அம்மா கூரை வளை மரத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பியிருந்தாள்.

அகதிகளாகப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சேதம் பார்க்கிற அரசாங்கச் சேர் வந்தார். சுவர், கூரை, நிலம், மலசலகூடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். முன்வீட்டுக்கு முழுச்சேதம். எங்களுக்குப் பகுதிச்சேதம். முழுச்சேதம் என்றால் புது வீடு. பகுதிச்சேதம் என்றால் கொஞ்சம் சீமெந்தும் கொஞ்சம் ஓடும். என்னை விட ஒரு வயது மூத்த அக்கா, புது வீட்டின் படத்தை மடித்து மடித்து வைத்திருந்தாள். இரண்டு அறை, உள்ளேயே குளியலறை. இது என்ர அறை என்று ஒரு சதுரத்தில் விரலை வைப்பாள். தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். அந்த விரல் வைத்த சதுரத்துக்காகச் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். கடல் இன்னும் ஒரு முழம் உன்னி வந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். கடவுள் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

சேர் இரண்டாம் தரம் பார்க்க வருவார் என்றார்கள். அதற்கு முதல் நாள் மத்தியானம் அப்பாவின் இரும்பு அலவாங்கோடு வீட்டுக்குப் போனேன். அறைச்சுவரில் ஏற்கெனவே வெடிப்பு. குத்தினேன், நெம்பினேன், ஓய்ந்தேன், திரும்பக் குத்தினேன். பாதிச் சுவர் உட்கார்ந்தபோது நெஞ்செல்லாம் குளிர்ந்தது.

மறுநாள் சேர் இடிந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். கடல் உடைத்த இடமெல்லாம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. நான் குத்திய இடத்தில் செங்கல் பச்சைக் காயம்போல் சிவந்திருந்தது.

"இது எப்ப விழுந்த?"

"கடல் வந்த அண்டைக்கு," அம்மா வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்து விரித்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம்.

"கடலுக்கும் கை கொப்பளிக்குமோ, மகள்?"

பிறகு அம்மாவைப் பார்த்து, முன்னால் கிடந்த அத்திவாரத்தைக் காட்டினார். "அந்த வீடு முன்னுக்கு நிண்டு எல்லாத்தையும் வாங்கினபடியாத்தான் இது இந்தளவில நிக்குது."

எனக்கு அது காதில் ஏறவில்லை. அவர் பேனை எந்தச் சொல்லை எழுதுகிறது என்பதிலேயே என் கண். பகுதிச்சேதம்.

அடி விழும் என்று நின்றேன். அம்மா என்னைக் கடந்து போய் அந்த அத்திவாரத்தில் குந்திக்கொண்டாள். வெயில் சாயும்வரை எழும்பவில்லை. நான் உடைத்த சுவரை அப்பா பிறகு ஒன்றும் கேட்காமல் கட்டினார்.

நடுவே சண்டை வந்து வீட்டுவேலை நின்றது. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்த பிறகே பெரியம்மாவுக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்தது. கடலை விட்டுத் தள்ளி, தன்னாமுனைக்குப் போகிற வழியில். உழவு மெசின் இழுத்த பெட்டியில் சாமான்களோடு பெரியம்மாவும் அக்காவும் ஏறினார்கள். நான் விக்கி விக்கி அழுதேன். பிரிவாற்றாமை என்று நினைத்து ஆளாளுக்கு முதுகைத் தடவினார்கள். அக்காகூட இறங்கி வந்து கட்டிப்பிடித்தாள். அவள் கழுத்தில் சாவி தொங்கியது. அது என் நெஞ்சில் குத்தியது.

அன்று பொழுதுபட, புதுச் சுவரோரம் இருந்து, அவங்களுக்கு மட்டும் எல்லாம் புதுசு என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

"நானும் அந்த முன்வீட்டத்தான் கேட்டு அழுத, மகள். கலியாணத்துக்கு முந்தி. மூணு நாள் சாப்பிடாமக் கிடந்த. தரல்ல."

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மாவும் என் கட்சிதான், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு ஆறவில்லை என்று நினைத்து நெருங்கி உட்கார்ந்தேன். அவள் அண்ணாந்து, அன்று பிடித்துத் தொங்கிய அந்தக் கூரை வளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வரப்போகிறது, ஒழுக்கு எங்கே என்று தேடுகிறாளாக்கும் என்று நானும் அண்ணாந்து தேடினேன்.